சீசன் டிக்கெட்டில் ஒரு படகு!

பேரைச் சொல்லிக் கேட்டால் 'இல்லப்பா!' அளவைச் சொல்லிக் கேட்டால் 'எத்தனை பீஸ் வேணும்?' சிங்கப்பெருமாள் கோவில் டு பீச் ஸ்டேஷன்... ஒரு பழைய படகுக்காக மூணு பேர் நடத்திய பார்ட்ஸ் வேட்டை!

"மச்சி, எங்க தாத்தா மில்லுல ஒரு படகு கிடக்கு. பாக்க வர்றியா?"

காலை நேர செங்கல்பட்டு லோக்கல். ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த எனக்கு, மெக் சொன்னது காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர் இருக்கிறார், மலை இருக்கிறது, ஜி.எஸ்.டி. ரோடு இருக்கிறது. படகு எங்கே இருந்து வந்தது?

முதலில் ஒரு அறிமுகம். மெக் என்பது மெக்கானிக்கல் படிக்கும் நண்பன். காமர்ஸ் என்பது எங்கள் செட்டிலேயே நிஜமாகத் துடுப்புப் போடத் தெரிந்த ஒரே ஆள். பெண். ஸ்கூல் லீவில் ஒரு கேம்ப்பில் பழகி, அப்படியே பைத்தியமாகிப் போனவள். நான் விஸ்காம். அதாவது, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன்.

சனிக்கிழமை மூணு பேரும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் நடந்தோம். தாத்தா ஒரு காலத்தில் நடத்திய ரைஸ் மில். இப்போது வெறும் ஷெட். உள்ளே மூலையில், உமி மூட்டைகளுக்கு மேலே, எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக ஏதோ கிடந்தது. காமர்ஸ் அருகில் போய்த் தூசியைத் துடைத்தாள். அவ்வளவுதான், வாயடைத்துப் போனாள்.

"இது சிங்கிள் ஸ்கல்டா! மரத்துல செஞ்சது!"

ஒரே ஆள், ரெண்டு கையில் ரெண்டு துடுப்பு பிடித்து ஓட்டும் ரேஸ் படகு. எந்த கிளப்பிலோ கழித்துக் கட்டியதை, தாத்தாவின் நண்பர் ஒருவர் ஏரியில் மீன் பிடிக்கலாம் என்று வாங்கினாராம். தண்ணீர் மட்டத்தில் ஒரு அடி அகலம்கூட இல்லாத படகு அது. உட்கார்ந்த முதல் நிமிஷமே மனுஷன் தலைகுப்புற விழுந்திருக்கிறார். அன்றைக்கு மில்லுக்கு வந்ததுதான், அதற்கப்புறம் படகு தண்ணீரையே பார்க்கவில்லை. ஆனால் ஈரம் படாமல் உமிக்கு மேலேயே கிடந்ததால் மரம் உளுத்துப் போகவில்லை. ஒரே ஒரு இடத்தில் கீறல்.

"அறுப்புக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயிடுங்கடா. நெல்லு மூட்டை அடுக்க எடம் வேணும். இல்லேன்னா காயலான் கடைக்குத்தான்" என்றார் தாத்தா.

கையில் இருந்தது ரெண்டரை மாசம்.

இல்லாத அஞ்சு பொருள்

படகின் உடம்பு நன்றாக இருந்தது. இல்லாதது எல்லாம் சின்னச் சின்ன சாமான்கள். காமர்ஸ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஒன்று, சீட் சக்கரம். ரேஸ் படகில் சீட் ஒரே இடத்தில் நிற்காது. ரெண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். நாலு சக்கரத்தில் மூன்று உடைந்திருந்தது.

ரெண்டு, ரிக்கர் போல்ட். படகுக்கு வெளியே ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சட்டம்தான் ரிக்கர். அதைப் படகோடு பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளில் பாதி காணோம்.

மூன்று, கேட். ரிக்கரின் நுனியில் துடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. பழைய பித்தளை கேட், தேய்ந்து லொடலொட என்று ஆடியது.

நாலு, துடுப்புக்குத் தோல். மரத் துடுப்பு கேட்டில் உரசும் இடத்தில் தோல் சுற்றியிருக்கும். எலிக்கு விருந்தாகியிருந்தது.

அஞ்சு, முனைப் பந்து. படகின் கூர் மூக்கில் மாட்டும் ரப்பர் பந்து. சுத்தமாக இல்லை.

"அஞ்சே பொருள்தானே? ஒரே நாள்ல பாரிஸ் கார்னர்ல முடிச்சிடலாம்" என்றேன். மெக்கும் தலையாட்டினான். ரெண்டு பேரும் முட்டாள்கள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

"கிரில் கேட்டா, ரோலிங் ஷட்டரா?"

பீச் ஸ்டேஷனில் இறங்கி, செம்புதாஸ் தெரு பக்கம் நுழைந்தோம். பைப், ஃபிட்டிங்ஸ், நட்டு, போல்ட்டு என்று திரும்பின பக்கமெல்லாம் இரும்பு. முதல் கடையில் போய் கெத்தாகக் கேட்டேன்.

"அண்ணே, கேட் இருக்கா?"

"கிரில் கேட்டா, ரோலிங் ஷட்டரா தம்பி?"

அடுத்த கடையில் "சீட் சக்கரம்" என்று கேட்டால் ஆபீஸ் நாற்காலிக்கு மாட்டும் உருளையை எடுத்துப் போட்டார்கள். மூன்றாவது கடையில் "படகு ஸ்பேரா? காசிமேடு போங்க" என்றார்கள். காசிமேட்டில் இன்ஜின் படகுக்கு எல்லாம் கிடைக்கிறது. இன்ஜினே இல்லாத எங்கள் ஒல்லிப் படகைப் பார்த்துச் சிரித்தார்கள். இருட்டிய பிறகு வெறும் கையோடு ரயில் ஏறினோம். செலவு: மூணு டிக்கெட், ஆறு டீ, ஏகப்பட்ட அவமானம்.

கொஞ்சம் யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 'போட் கிளப் ரோடு' என்றால் நமக்கெல்லாம் பெரிய பெரிய பங்களாக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஏரியாவுக்குப் பேர் வரக் காரணமான மெட்ராஸ் போட் கிளப் 1867ல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப் அதைவிட மூணு வருஷம் சீனியர், 1864. ரெண்டு கிளப்பும் மோதும் மெட்ராஸ் - கொழும்பு ரெகாட்டா ஆரம்பித்தது 1898ல். நூறு வருஷத்துக்கு மேல் அடையாற்றில் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு சின்ன உலகம். கிரிக்கெட் பேட் மாதிரி தெருவுக்குத் தெரு கடை வைக்கிற அளவுக்கு ஆட்கள் என்றைக்குமே இருந்ததில்லை. கிளப்பில் இருப்பவர்களுக்கு கிளப்பே பார்ட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடும். வெளியே இருக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு?

பேர் வேணாம், அளவு சொல்லு!

பதில் மறைமலை நகரில் கிடைத்தது. வீட்டில் இருந்து ஒரே ஸ்டேஷன்! மெக் இன்பிளான்ட் ட்ரெயினிங் போன சமயத்தில் பழக்கமான லேத் பட்டறை. அங்கே இருந்த டர்னர் அண்ணன், நாங்கள் நீட்டிய உடைந்த சக்கரத்தைக் கையில் வாங்கி, உருட்டிப் பார்த்தார். "படகு சீட்டுக்கு..." என்று நான் கதையை ஆரம்பித்தேன்.

"தம்பி, அது எதுக்கு மாட்டுறதுன்னு எனக்குத் தேவையில்ல. பேரைச் சொல்லாதீங்க, அளவைச் சொல்லுங்க. வெளி விட்டம் எவ்ளோ, அகலம் எவ்ளோ, உள் ஓட்டை எவ்ளோ, எந்த மெட்டீரியல்? இந்த நாலும் இருந்தா உலகத்துல எந்தச் சாமானையும் செஞ்சிடலாம்."

அன்றைக்கு நாங்கள் படித்தது, ஒரு செமஸ்டருக்குச் சமம். பழைய பொருளுக்கு 'பார்ட்ஸ் கிடைக்காது' என்று நாம் சொல்வதற்கு அர்த்தம், அந்தப் பேரில் கிடைக்காது என்பதுதான். பேர் என்பது கம்பெனியோடு செத்துப் போகும். அளவு சாகாது.

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். காலேஜ் லேபில் சாரிடம் கெஞ்சி வெர்னியர் காலிப்பர் வாங்கி வந்தான் மெக். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம். பென்சிலில் படம், பக்கத்தில் அளவு, கீழே எங்கே தேடுவது. 'பார்ட்ஸ் நோட்' என்று அட்டையில் எழுதினேன். ஆர்ட் டைரக்‌ஷன் மட்டும் நான்!

0.06 மில்லிமீட்டரின் விலை

அடுத்த பாடத்தை போல்ட் நடத்தியது.

பழைய ரிக்கர் போல்ட்டை அளந்தால் 7.9 மி.மீ. "எட்டு எம்.எம். போல்ட்டுதான், கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்று முடிவு கட்டி, சாதாரண எம்8 போல்ட் ஒன்றைப் போட்டு முறுக்கினான் மெக். மூன்று சுற்று லட்டு மாதிரி போனது. நாலாவது சுற்றில் இறுகியது. அஞ்சாவதில் 'கிறீச்'. படகோடு பதிந்திருந்த பித்தளை நட்டின் மரை உரிந்து கையோடு வந்தது.

டர்னர் அண்ணன் திட்டவில்லை. ஒரு பிட்ச் கேஜை எடுத்துப் பழைய போல்ட்டின் மேல் வைத்தார். பற்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. "இது இன்ச் மரை தம்பி. விட்வொர்த்."

இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841ல் வகுத்த மரை அளவு அது. உலகத்திலேயே முதன்முதலாக ஒரு நாடு முழுக்கப் பரவிய போல்ட் ஸ்டாண்டர்ட். வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களில் எல்லாம் இதுதான். எங்கள் போல்ட் 5/16 இன்ச், அதாவது 7.94 மி.மீ. எம்8க்கும் இதற்கும் விட்டத்தில் வித்தியாசம் 0.06 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விட்வொர்த்தில் ஒரு இன்ச்சுக்கு 18 மரை, அதாவது மரைக்கு மரை 1.41 மி.மீ. எம்8ல் 1.25 மி.மீ. மரையின் கோணமும் வேறு. அது 55 டிகிரி, இது 60 டிகிரி. முதல் ரெண்டு சுற்று ஏமாற்றிவிட்டு அப்புறம் கழுத்தை அறுப்பது இதனால்தான்.

உரிந்துபோன நட்டை எடுத்துவிட்டுப் புதுசு கடைந்து பதித்தார். மற்ற போல்ட்டுகளுக்கு மறுபடி செம்புதாஸ் தெரு. இந்த முறை நோட்டைத் திறந்து, "அஞ்சு பதினாறு விட்வொர்த், ரெண்டு இன்ச் நீளம், ஸ்டெயின்லெஸ்" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை பீஸ் வேணும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூணு வார்த்தை கொடுத்த சந்தோஷத்தை என் மார்க் ஷீட்கூடக் கொடுத்ததில்லை.

நைலான் செய்த துரோகம்

சக்கரம் கதை வேறு. சீட் ஓடவில்லை என்றால் இந்தப் படகுக்கு உயிரே இல்லை. ஆரம்பத்தில் சீட் அசையாது. ஓட்டுகிறவர்கள் தோல் வைத்த பேன்ட்டில் கிரீஸ் தடவிக்கொண்டு பலகை மேல் சறுக்குவார்களாம்! காலின் பலத்தையும் துடுப்புக்குக் கொண்டுவரத்தான் இத்தனை பாடு. அமெரிக்காவில் பாப்காக் என்பவர் 1857ல் நகரும் சீட்டைச் சோதித்துப் பார்த்தார். ஆக்ஸ்ஃபோர்ட் - கேம்பிரிட்ஜ் ரேஸில் ரெண்டு அணியும் அதை முதலில் பயன்படுத்தியது 1873ல். அப்புறம் யாரும் கிரீஸ் தடவவில்லை.

எங்கள் சக்கரத்துக்கு நைலான் ராடை வாங்கிக் கொடுத்தோம். டர்னர் அண்ணன் அரை மணியில் நாலு சக்கரம் கடைந்து கொடுத்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. "தண்ணில ஓடுற சாமான். வாளியில ஒரு வாரம் ஊறப் போட்டுட்டு அப்புறம் மாட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நாலும் அச்சில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். "சொன்னா மறந்துடுவீங்க. பாத்தா மறக்க மாட்டீங்க" என்று சிரித்தார். அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காத அசிட்டால் பிளாஸ்டிக் இருக்கிறது. கடையில் 'டெல்ரின்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் கடைந்த ரெண்டாவது செட் இன்றைக்கும் ஓடுகிறது. நைலான் செட் என் மேஜையில் பேப்பர் வெயிட்.

உங்கள் சக்கரத்துக்குள் பேரிங் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பேரிங் மேல் பொறித்திருக்கும் நம்பர்தான் அதன் ஜாதகம். 608 என்றால் உள் ஓட்டை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மி.மீ. எந்த நாட்டில் செய்தாலும் அதேதான். ஸ்கேட்டிங் ஷூவில் இருப்பதும் அதுதான். பின்னால் '2ஆர்.எஸ்' என்று இருந்தால் ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி. தண்ணீரில் ஓடும் சாமானுக்கு அதையே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம்

தோல் தேடுவது காமர்ஸின் டிபார்ட்மென்ட். "குரோம்பேட்டைன்னு பேர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியாலதான். தோலுக்கு நாம பாரிஸ் வரைக்கும் போனா அசிங்கம்" என்றாள். பாயின்ட்!

வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு பீரியடைத் 'தியாகம்' செய்துவிட்டு பல்லாவரம் சந்தையில் நுழைந்தோம். பழைய ஃபேன், பழைய சைக்கிள், பழைய போன், செடி, கோழி... சந்தையில் இல்லாத பழசே இல்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய பித்தளை ஆணிப் பெட்டி, ஒரு நல்ல அரம். தோல், ஸ்டேஷன் பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கிடைத்தது. துடுப்பைத் தோளில் சுமந்து கொண்டு போயிருந்தோம். அவர் அதை மடியில் வைத்து, காகிதத்தில் சுற்றி அளவெடுத்தார். தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, இழுத்துப் பிடித்து, பின்பக்கம் நெருக்கித் தைத்தார். காய்ந்ததும் சருமம் மாதிரி இறுகிக்கொண்டது.

"ஆணி அடிச்சிடலாமா தாத்தா?" என்று பெட்டியைக் காட்டினேன்.

"மரத்துல ஓட்டை போட்டா அந்த எடத்துலதான்பா ஒடியும்" என்றார். படகையே பார்த்திராத மனுஷர். மரத்தையும் தோலையும் பார்த்தவர்.

அதே பெரியவர்தான் படகில் பதித்திருக்கும் பழைய ஷூவுக்கும் புது வார் வைத்துக் கொடுத்தார்.

கடையமுடியாதது

எல்லாவற்றையும் பட்டறையில் செய்துவிடலாம் என்ற திமிர் வந்திருந்தது. கேட்டையும் கடைந்துவிடலாம் என்றான் மெக். இங்கேதான் காமர்ஸ் குறுக்கே நின்றாள்.

துடுப்பு தண்ணீருக்குள் போகும்போது பலகை நேராக நிற்காது. சுமார் 4 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கொடுப்பது கேட்டும் அதற்குள் இருக்கும் புஷ்ஷும்தான். சாய்வு குறைந்தால் துடுப்பு ஆழமாகப் போய் மாட்டிக்கொள்ளும். வேகமாகப் போகும்போது மாட்டினால், கைப்பிடி வயிற்றில் இடித்து ஆளையே தூக்கிப் போட்டுவிடும். எங்கள் ரிக்கரில் கேட் உட்காரும் பின் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. இப்போது வரும் பல கேட்டுகள் 13 மி.மீ. பின்னுக்குச் செய்தவை. "0.3 தானே, அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றான் மெக்.

"போல்ட்டுல 0.06 என்ன பண்ணுச்சுன்னு மறந்துட்டியா?"

அவன் வாய் திறக்கவில்லை.

நல்ல கேட் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டியிருந்தது. ரெண்டே ரெண்டு பீஸுக்கு கூரியர் கூலி, பொருளின் விலையைத் தாண்டியது. காமர்ஸுக்கு கேம்ப்பில் பழக்கமான சீனியர் அக்கா ஒருவர் வழி காட்டினார். அவர் பயிற்சி செய்யும் இடத்தில் மொத்தமாக ஆர்டர் போடும்போது எங்களுடையதையும் சேர்த்துவிட்டார். அரை இன்ச் பின்னுக்கான புஷ்ஷோடு! கூலி பங்கு பிரிந்தது. அதற்கும் காசு போதாமல் நான் ஒரு கல்யாண வீடியோ எடிட் செய்தேன், மெக் ரெண்டு மாசம் சினிமா பார்க்கவில்லை. காமர்ஸ் கணக்கு வைத்தாள். டிகிரிக்கு ஒரு பிரயோஜனம்!

இதில் மட்டும் விளையாடாதீங்க!

● கேட், பின்: முழு பலமும் இழுபடும் இடம். கிடைத்த கம்பியை அறுத்துப் போடுவது ஆபத்து.

● குதிகால் கயிறு: ஷூவின் குதிகாலைப் படகோடு கட்டும் சின்னக் கயிறு. படகு கவிழ்ந்தால் நீங்கள் காலை இழுக்கும்போது ஷூவைப் பிடித்து நிறுத்தி, காலை மட்டும் வெளியே விடும். அது இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. விலை அஞ்சு ரூபாய், மதிப்பு ஒரு உயிர்.

● முனைப் பந்து: படகின் மூக்கு ஈட்டி மாதிரி. அது இன்னொருவர் முதுகில் குத்தாமல் இருக்கத்தான் பந்து. குறைந்தது 4 செ.மீ. விட்டம், வெள்ளை நிறம் என்று சர்வதேச விதியே இருக்கிறது.

கடைக்குக் கிளம்பும் முன்...

● உடைந்த பழைய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் அளவுகோல். நாலு சக்கரத்தில் பிழைத்த ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது.

● ஒரே சாமானை மூணு இடத்தில் அளந்து பாருங்கள். தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்ந்த சாமான்தான் கிடைக்கும்.

● மரை இன்ச்சா மெட்ரிக்கா என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். புதுப் படகுகளுக்கு பெரும்பாலும் 10, 13 நம்பர் ஸ்பேனர் போதும். பழசுக்கு இன்ச் ஸ்பேனர் தேவைப்படலாம்.

● அலுமினியம் ரிக்கரில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால், உப்புத் தண்ணீர் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர், கொஞ்சம் கிரீஸ். முட்டுக்காடு மாதிரி கழிமுகத்தில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இருபது இழுப்பு

அறுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது படகு ரெடி. கீறலுக்கு மெல்லிய கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸியும் வைத்து ஒட்டியிருந்தோம். மில் ஷெட்டிலேயே ஸ்டாண்டில் வைத்து அளவுகளைச் சரிசெய்தாள் காமர்ஸ். ரெண்டு பின்னுக்கும் நடுவே 160 செ.மீ. கைகள் ஒன்றன்மேல் ஒன்று போவதால் இடது கைப் பக்கத்து கேட் மட்டும் ஒரு சென்டிமீட்டர் உயரம்.

மினி லாரியில், பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மூக்கில் சிவப்புத் துணி கட்டி, துடுப்புப் பயிற்சி நடக்கும் இடம் ஒன்றுக்குக் கொண்டு போனோம். அந்த சீனியர் அக்காதான் அனுமதி வாங்கித் தந்தார். பக்கத்திலேயே ரெஸ்க்யூ படகு. ஏரியைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் இறக்கிவிடும் வேலை வேண்டாம். நீச்சல் தெரியாதவர் இறங்கவே வேண்டாம். மெக்குக்கும் எனக்கும் தெரியாது. அதனால் கரையில் நின்றோம்.

காமர்ஸ் உட்கார்ந்தாள். படகு இடதும் வலதும் ஆடியது. ரெண்டு துடுப்பையும் தண்ணீர் மேல் படுக்க வைத்து நிலைப்படுத்தினாள். அப்புறம் ஒரு இழுப்பு. சீட் ஓடியது. சத்தமே இல்லை. இன்னொன்று. இருபது இழுப்பு எண்ணினேன். திரும்பி வரும்போது வலது பக்கம் ஏதோ 'கீச், கீச்' என்றது. தோலுக்கு வாஸலின் போட மறந்திருந்தோம்.

இறங்கி வந்தவள் முதலில் கேட்டது: "நோட்டு எங்க? இதையும் எழுதணும்."

கோச் படகைச் சுற்றி வந்து பார்த்தார். ரேஸுக்கு இது கனம் அதிகம் என்றார். உண்மைதான். இப்போதைய சிங்கிளுக்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 14 கிலோ. எங்களுடையது அதற்கு மேல் எவ்வளவோ. ஆனால் பழகுவதற்குப் போதும் என்றும் சொன்னார். அங்கேயே ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். ஒரே கண்டிஷன், காமர்ஸ் இல்லாத நேரத்தில் புதுசாகப் பழக வருகிற பிள்ளைகளும் ஓட்டுவார்கள். அவளுக்கு அதில் டபுள் சந்தோஷம்.

மகாராஷ்டிராவில் வறட்சி பாதித்த கிராமத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைக் கையில் பிடித்தவர் தத்து போகனல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே சிங்கிள் ஸ்கல் பிரிவில் 13ஆவது இடம் பிடித்தார். திறமை எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது வெளியே வர, யாரோ ஒருவர் உட்கார ஒரு படகு காலியாக இருக்க வேண்டும். அந்தப் படகு ஒரு சக்கரம் இல்லாததால் காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

பார்ட்ஸ் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை படகு ஷெட்டில் மாட்டியிருக்கிறோம், ஒன்று டர்னர் அண்ணன் பட்டறையில். பதினெட்டு பக்கம் நிறைந்திருக்கிறது. மீதிப் பக்கத்தை நிரப்ப, எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று கண்டிப்பாக உடையும்.

போன வாரம் மெக்கின் தாத்தா போன் செய்தார். மில்லில் பழைய நெல் உலர்த்தும் மெஷின் ஒன்று இருபது வருஷமாக நிற்கிறதாம். பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கவில்லையாம்.

மெக் ஒரே வார்த்தைதான் கேட்டான்.

"அளவு என்ன தாத்தா?"